16 அடி ஹாலில் 5.1 ஒலி: புதிய ப்ராசஸர் வாங்குவதற்கு முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட ஹால். அதில் 5.1 அமைப்பு, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும். டைல்ஸ் தரை, பூசிய செங்கல் சுவர், பின்சுவரை ஒட்டிய சோபா. சென்டர் ஸ்பீக்கர் டி.வி. ஷோகேஸின் தட்டுக்குள் இருக்கிறது. பக்கவாட்டு ஒலியைத் தரும் சரவுண்ட் ஸ்பீக்கர்களை வயரிங் செய்தவர் பின்மூலைகளில் கூரையை ஒட்டி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். தாழ்ந்த பாஸ் ஒலிக்கான சப்வூஃபர் முன்மூலையில் நிற்கிறது. வசனம் புரியவில்லை, சத்தத்தைக் கூட்டினால் சண்டைக்காட்சி காதை அறைகிறது, பாஸ் ‘கும்’மென்று கட்டிக்கொண்டு நிற்கிறது, பக்கவாட்டிலிருந்து ஒலி வருவதாகவே தெரியவில்லை என்கிறீர்கள். ஆகவே, சேனலுக்கு 80 வாட் தரும் இப்போதைய ரிசீவரைக் கொடுத்துவிட்டுத் ஒலியைப் பிரித்துத் திருத்தும் ப்ராசஸரையும் ஸ்பீக்கர்களுக்கு மின்திறன் தரும் பவர் ஆம்ப்ளிஃபயரையும் தனித்தனியாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது வாங்க வேண்டாம். நீங்கள் சொன்ன குறைகள் ஏறக்குறைய அனைத்தும் பொருள்கள் இருக்கும் இடத்தால் வருபவை. எவ்வளவு விலையுள்ள ப்ராசஸராக இருந்தாலும், ஸ்பீக்கரை மூலையிலிருந்து நகர்த்தவோ சோபாவைச் சுவரிலிருந்து பிரிக்கவோ அதனால் முடியாது. நாம் சரியான இடத்தில் வைத்துக் கொடுத்ததைத்தான் அது மேலும் சீராக்கும்.

இடத்துக்குப் போவதற்கு முன் ஐந்து நிமிடத்தில் முடியும் ஒரு சோதனை இருக்கிறது. ஓ.டி.டி. செயலியில் 5.1 என்று குறிக்கப்பட்ட ஒரு படத்தை ஓடவிட்டு, ரிசீவர் ரிமோட்டில் இன்ஃபோ பொத்தானை அழுத்திப் பாருங்கள். உள்ளே வரும் சிக்னல் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்றோ டால்பி டிஜிட்டல் என்றோ காட்ட வேண்டும். இரண்டு சேனல் பி.சி.எம். என்று காட்டினால், டி.வி.யே ஆறு சேனல்களையும் இரண்டாகக் கலந்து அனுப்புகிறது என்று பொருள். அப்போது ரிசீவர் சரவுண்ட் ஸ்பீக்கர்களுக்கு அனுப்புவது அதுவே ஊகித்து உருவாக்கிய ஒலிதான். டி.வி.யின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட் என்பதை ‘பி.சி.எம்.’ நிலையிலிருந்து ‘பாஸ்த்ரூ’ அல்லது ‘ஆட்டோ’ நிலைக்கு மாற்றுங்கள். ஆப்டிகல் கேபிளில் இணைத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு எச்.டி.எம்.ஐ. ஆர்க் (டி.வி.யின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வழி) துளைக்கு வாருங்கள். டால்பி டிஜிட்டல் பிளஸ் ஆப்டிகல் வழியே போகாது, ஆர்க் வழியே போகும். ப்ளூ-ரேயில் உள்ள இழப்பற்ற டால்பி ட்ரூஎச்டி ஒலியை டி.வி. வழியாக ரிசீவருக்குக் கொண்டுவர வேண்டுமென்றால்தான் ஆர்க்கின் மேம்பட்ட வடிவமான இ-ஆர்க் தேவைப்படும். பிளேயரை நேராக ரிசீவரில் சொருகினால் அதுவும் தேவையில்லை. சாட்டிலைட் சேனல்கள் பலவற்றில் ஒலியே இரண்டு சேனல்தான் என்பதால், அவற்றை வைத்து உங்கள் அமைப்பை எடைபோட வேண்டாம்.

அடுத்தது சோபா. இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது என்பதால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரியில், ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே தாழ்ந்த ஒலி போய்த் திரும்பும்போது, அந்த இடைவெளி அரை அலைநீளமாக அமையும் அதிர்வெண்ணில் அலை ஒரே இடத்தில் நிலைகொள்கிறது. உங்கள் 16 அடி நீளத்துக்கு அது 36 ஹெர்ட்ஸ், 11 அடி அகலத்துக்கு 52 ஹெர்ட்ஸ், 10 அடி உயரத்துக்கு 57 ஹெர்ட்ஸ். நீளத்தில் இதன் இரு மடங்கான 72 ஹெர்ட்ஸும் அப்படியே நிலைகொள்ளும். இந்த அலைகளின் அழுத்தம் சுவரோரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். பின்சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பவர் நீளவாக்கில் உண்டாகும் அத்தனை முழக்கத்தையும் முழு அளவில் வாங்கிக்கொள்கிறார். நீங்கள் ‘கட்டிக்கொண்டு நிற்கிறது’ என்று சொன்ன பாஸ் பெரும்பாலும் இதுதான்.

சோபாவை மூன்றடி முன்னே இழுங்கள். உங்கள் காது பின்சுவரிலிருந்து சுமார் மூன்றரை அடியில் வரும். அங்கே 72 ஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய அடங்கியிருக்கும், 36 ஹெர்ட்ஸ் ஓரளவு தணிந்திருக்கும். ஆனால் ஹாலின் நட்டநடுவே, எட்டடியில், உட்கார்ந்துவிடாதீர்கள். அங்கே 36 ஹெர்ட்ஸ் காணாமலே போய்விடும். நடக்க வழி வேண்டும் என்று வீட்டில் மறுத்தால், படம் பார்க்கும்போது மட்டும் இழுத்துக்கொள்ளும்படி சோபாவின் கால்களுக்கு அடியில் ஃபெல்ட் ஒட்டிவிடுங்கள். ஓரடி இழுத்தால்கூடப் பின்சுவரில் பட்டு உடனே காதுக்குத் திரும்பும் எதிரொலி குறைந்து வசனம் தெளியும்.

முன் ஸ்பீக்கர்கள் இரண்டையும் ஒன்பதடி இடைவெளியில், சுவரிலிருந்து ஒன்றரை அடி விலக்கி வைத்தால், அவை உங்கள் இருக்கையிலிருந்து பார்க்கும்போது நடுக்கோட்டுக்கு இருபுறமும் சுமார் 22 டிகிரியில் அமையும். பரிந்துரைக்கப்படும் 22 முதல் 30 டிகிரி வரம்பில் இது கீழ் எல்லை. உங்கள் அகலத்துக்கு இதற்குமேல் விரிக்க இடமில்லை, இதுவே போதும். இரண்டையும் சற்று உள்நோக்கித் திருப்புங்கள்.

சென்டர் ஸ்பீக்கர்தான் வசனத்தின் பெரும்பகுதியைச் சுமக்கிறது. அதைத் தட்டின் உள்ளே தள்ளி வைத்தால் மேல்தட்டும் பக்கப் பலகைகளும் ஒலியை மடக்கி, குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆக்கிவிடுகின்றன. தட்டின் விளிம்புக்கு வெளியே அரை விரல் நீட்டிக்கொண்டிருக்கும்படி முன்னே இழுங்கள். பிறகு சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, அதன் முகத்தைப் பாருங்கள். அது உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கும். முன்பக்கத்துக்கு அடியில் ரப்பர் துண்டோ மரத்துண்டோ செருகி, அதன் முகம் உங்கள் காதை நோக்கும்வரை நிமிர்த்துங்கள். என் அக்கா வீட்டில் இந்த இரண்டை மட்டும் செய்துவிட்டு அதே காட்சியை அதே சத்தத்தில் மறுபடியும் போட்டபோது, ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்த மாமா அதைக் கீழே வைத்துவிட்டார். அதுவரை வசனத்துக்கு ஒருமுறை, சண்டைக்கு ஒருமுறை என்று அவர் கை ஓயாமல் இருந்தது.

சரவுண்ட் ஸ்பீக்கர்களைப் பின்மூலையிலிருந்து கழற்றிவிடுங்கள். 5.1 அமைப்பில் அவற்றின் இடம் காதுக்குச் சற்றே பின்னால், பக்கவாட்டில், 110 முதல் 120 டிகிரியில். உங்கள் ஹாலில் கணக்கு எளிது: சோபாவின் நடுவிலிருந்து பக்கச் சுவர் ஐந்தரை அடி, காதுக்கு நேரான கோட்டிலிருந்து இரண்டடி பின்னால் அதே சுவரில் மாட்டினால் 110 டிகிரி வந்துவிடும். உட்கார்ந்தவர் காது தரையிலிருந்து மூன்றேகால் அடி உயரத்தில் இருக்கும். ஸ்பீக்கரை ஐந்தடி உயரத்தில் மாட்டுங்கள். காது மட்டத்திலேயே வைத்தால் சோபாவின் ஓரத்தில் உட்காருபவருக்குப் பக்கத்து ஸ்பீக்கரைத் தவிர வேறொன்றும் கேட்காது, பக்கத்தில் இருப்பவர் தலையும் மறைக்கும். கூரையை ஒட்டி இருந்தாலோ மழைச் சத்தமும் கூட்டத்தின் ஆரவாரமும் பக்கத்தில் பரவாமல் தலைக்கு மேலே எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும். உங்களுக்கு இப்போது நடப்பது அதுதான்.

இடம் மாற்றும்போது வயரையும் பார்த்துவிடுங்கள். ரிசீவரிலிருந்து பத்து மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால், போக வர இருபது மீட்டருக்கு மின்தடை கால் ஓம் அளவுதான் வரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது பொருட்டல்ல. அதைவிட நீளமென்றால், அல்லது ஸ்பீக்கர் 4 ஓம் என்றால், 2.5 சதுர மி.மீ. போடுங்கள். விலையுயர்ந்த கேபிள் என்று தனியாக எதுவும் வேண்டாம். ஆனால் பிளஸ், மைனஸ் மாறாமல் இருக்கிறதா என்பதில் சந்தேகம் ஒரு துளியும் இருக்கக்கூடாது. கன்சீல்டு வயரிங்கில் நிறம் மாறிப்போவது வழக்கம். வயரை ரிசீவரிலிருந்து கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் பேனா பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கரின் பிளஸுக்குப் போகும் வயரிலும் மைனஸை மற்றதிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். வூஃபரின் கூம்பு முன்னே வந்தால் சரி, உள்ளே போனால் மாறியிருக்கிறது. இதற்கு ஒருவர் ஸ்பீக்கர் அருகே நின்று பார்க்க வேண்டும். முன் ஸ்பீக்கர்களில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் பாஸ் வற்றி, பாடகர் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்துவிடும்.

சப்வூஃபருக்கு வருவோம். அதன் இடத்தை நாடாவை வைத்து அளந்து முடிவு செய்ய முடியாது, காதால்தான் தேட வேண்டும். சப்வூஃபரைச் சோபாவின் மேல், நீங்கள் உட்காரும் இடத்திலேயே தூக்கி வையுங்கள். பாஸ் கிட்டார் ஏறி இறங்கிப் போகும் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். எல்லா ஸ்வரமும் வரும் பகுதியாக இருக்க வேண்டும். பிறகு சப்வூஃபரை நிறுத்த வாய்ப்புள்ள இடங்களிலெல்லாம், முன்சுவரை ஒட்டியும் பக்கச்சுவரை ஒட்டியும், தரையோடு தரையாகத் தலையைத் தாழ்த்தி மெதுவாக நகர்ந்து கேளுங்கள். என் வீட்டில் இதைச் செய்தபோது மூலையில் ஒரே ஸ்வரம் மட்டும் முழங்கியது, டி.வி. மேசைக்கும் முன் ஸ்பீக்கருக்கும் இடையே வந்ததும் முழக்கம் அடங்கி, எல்லா ஸ்வரங்களும் தனித்தனியாக, ஒரே எடையில் கேட்டன; இன்னும் ஒன்றரை அடி நகர்ந்தால் அவற்றில் இரண்டு மறைந்துபோயின. நன்றாகக் கேட்ட அந்த இடத்தில் சப்வூஃபரைக் கொண்டுபோய் வைத்தால், சோபாவில் அதே ஒலி கிடைக்கும். கேட்பவரும் ஒலிப்பவரும் இடம் மாறினாலும் அவ்விரு புள்ளிகளுக்கிடையே அறை செய்யும் வேலை மாறுவதில்லை. அதனால்தான் இந்த முறை பலிக்கிறது. அன்றைக்குப் பக்கத்து அறையில் இருந்த ஸ்டீல் பீரோவின் கைப்பிடி பாஸுக்குக் கிணுகிணுவென்று ஆடியதும் தெரிந்தது. அதன் பின்னால் சிறு ஃபெல்ட் துண்டு ஒட்டியதும் நின்றது. பாஸில் ‘தெளிவில்லை’ என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு இப்படி அறையிலுள்ள பொருள்கள் அதிர்வதுதான்.

அறையின் எதிரொலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாலின் நடுவில் நின்று கையைத் தட்டுங்கள். ‘டிர்ர்’ என்று ஒரு வால் நீண்டால், டைல்ஸும் சுவரும் வசனத்தைக் கலைக்கின்றன. முன் ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் இடையே தரையில் ஒரு கனத்த பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். ஜன்னலுக்குக் கொசுவம் நிறைந்த கனமான திரை போடுங்கள். புத்தக அலமாரி இருந்தால் பின்சுவரில் நிறுத்துங்கள். முட்டை அட்டை ஒட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. மேலும், துணியும் மெல்லிய நுரைப் பலகையும் உயர்ந்த ஒலியைத்தான் உறிஞ்சும். 52 ஹெர்ட்ஸில் அலைநீளம் 22 அடி, அதை ஓர் அங்குல நுரை தொடக்கூட முடியாது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ரிசீவருடன் வந்த மைக்கைச் சொருகுங்கள். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிசி, யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ. என்று பெயர்கள் வேறானாலும் செய்யும் வேலை ஒன்றே: ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரம், எவ்வளவு சத்தம், எந்த அதிர்வெண்ணில் மிகுதி அல்லது குறைவு என்று அளந்து திருத்துவது. உங்கள் புதிய அமைப்பில் முன் ஸ்பீக்கர் காதிலிருந்து சுமார் 12 அடி, சரவுண்ட் 6 அடி. ஒலி ஓரடி கடக்க ஏறக்குறைய 0.9 மில்லிநொடி எடுப்பதால், சரவுண்ட் ஒலி ஐந்து மில்லிநொடிக்கும் மேலாக முந்திக்கொண்டு வரும். முந்தி வரும் திசையையே காது ஒலியின் திசையாக எடுத்துக்கொள்ளும். ரிசீவர் சரவுண்டை அந்த அளவு தாமதப்படுத்தி அனுப்பினால்தான் எல்லாம் ஒரே கணத்தில் உங்களை வந்தடையும்.

அளக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள், ஏ.சி.யை நிறுத்துங்கள், அடுப்பில் குக்கர் இருந்தால் விசில் அடங்கும்வரை பொறுத்திருங்கள். மைக்கை சோபாவின் சாய்மானத்தில் வைக்காமல், கேமரா முக்காலியில் காது உயரத்தில், நுனி கூரையைப் பார்க்க நிறுத்துங்கள். முதல் அளவு நடு இருக்கையில். மற்ற அளவுகள் அதிலிருந்து இரண்டடிக்குள். சோபா தோல் உறை போட்டதென்றால் ஒரு போர்வையை விரித்துவிடுங்கள். சப்வூஃபரின் முதுகிலுள்ள கிராஸ்ஓவர் குமிழை (எந்த அதிர்வெண் வரை சப்வூஃபர் ஒலிக்கும் என்று வரையறுப்பது) மிக உயர்ந்த எண்வரை திருப்பிவிட்டு, ஒலியளவை நடுவில் வைத்துத் தொடங்குங்கள். அளந்தபின் ரிசீவர் சப்வூஃபருக்கு மைனஸ் 12 டெசிபெல் என்று காட்டினால், அதன் எல்லையை முட்டிவிட்டது என்று பொருள், குமிழைக் குறைத்து மறுபடியும் அளக்க வேண்டும்.

முடிந்ததும் அது எழுதிவைத்ததை ஒருமுறை படித்துப் பாருங்கள். முன் ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ (பாஸ் முழுவதையும் தானே தருவது) என்று குறித்திருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்; அதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும். ரிசீவர் 100 என்றோ 120 என்றோ கண்டுபிடித்த ஸ்பீக்கருக்கு அதைக் கீழே இறக்க வேண்டாம். அந்த இடைவெளியில் ஒலியே இல்லாமல் போய்விடும். சப்வூஃபரின் தூரம் நீங்கள் நாடாவில் அளந்ததைவிட நான்கைந்து அடி கூடுதலாகக் காட்டினால் பதற வேண்டாம், திருத்தவும் வேண்டாம்; சப்வூஃபருக்குள் இருக்கும் வடிகட்டிச் சுற்றும் ஒலியைத் தாமதப்படுத்துகிறது, அதையும் சேர்த்துத்தான் ரிசீவர் கணக்கிட்டிருக்கிறது. வசனம் இன்னும் சற்றுத் தாழ்வாகத் தோன்றினால் சென்டரை மட்டும் 2 டெசிபெல் ஏற்றுங்கள். இரவில் மற்றவர்கள் தூங்கும்போது உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கும் டைனமிக் வால்யூம் போன்ற வசதியைப் போட்டுக்கொள்ளலாம். மற்ற நேரங்களில் அது வேண்டாம்.

இந்தத் திருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு, உங்கள் கேள்விக்கான விடையும் அதில்தான் இருக்கிறது. மிகுதியாக முழங்கும் அதிர்வெண்ணை ப்ராசஸரால் குறைக்க முடியும். ஆனால் உங்கள் இருக்கையில் ஒரு அதிர்வெண் அறவே கேட்கவில்லை என்றால், நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் அங்கே ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன என்று பொருள். ப்ராசஸர் அந்த அதிர்வெண்ணை 10 டெசிபெல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு மின்திறனைச் செலவழிக்கும். எதிர் அலையும் அதே அளவு ஏறும். பள்ளம் பள்ளமாகவே இருக்கும். விலையுயர்ந்த ப்ராசஸருக்கும் இந்த விதியிலிருந்து விலக்கு இல்லை.

மின்திறனும் உங்களுக்குப் போதும். 88 டெசிபெல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் ஒரு வாட்டில், உங்கள் தூரத்தில், அறையின் உதவியோடு சுமார் 80 டெசிபெல் தரும். திரையரங்க அளவான 105 டெசிபெல் உச்சத்தை வீட்டில் யாரும் நெடுநேரம் தாங்குவதில்லை. அதற்கு 15 டெசிபெல் தாழ்வாகக் கேட்டால் உச்சம் 90, அதற்குப் பத்து வாட் போதும். கனமான பாஸ் முழுவதையும் சப்வூஃபரின் சொந்த ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்கிறது. தனி பவர் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் சேனலுக்கு 80 வாட் 160 ஆகலாம். கிடைப்பது 3 டெசிபெல்தான்.

தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ் சேர்க்கும் எண்ணம் உங்களுக்கு இருப்பதாக எழுதியிருந்தீர்கள். கூரையில் இரண்டு ஸ்பீக்கர் போடுவதென்றால், இருக்கைக்கு மேலே சற்று முன்னால், காதிலிருந்து 80 டிகிரி ஏற்றத்தில் போடுங்கள். ஃபேனின் இறக்கை இடையில் வராத இடமாக இருக்கட்டும். இறக்கை குறுக்கே சுழன்றால் ஒலி நடுங்கும். அப்போது சரவுண்ட் ஸ்பீக்கர்களைக் காது மட்டத்துக்கு நெருக்கமாக இறக்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் மேலுக்கும் பக்கத்துக்கும் வேறுபாடு தெரியாது. கூரையில் பட்டுத் திரும்பும் வகை ஸ்பீக்கருக்குச் சமதளமான கூரை வேண்டும். படிப்படியாக இறக்கிய ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் அது சரிப்படாது.

எல்லாம் செய்த பிறகும் கையில் பணம் இருந்தால், முதலில் இரண்டாவது சப்வூஃபர் ஒன்று வாங்குங்கள். ஒலிக்கருவி நிறுவனமான ஹார்மனின் ஆய்வாளர் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக வைத்த இரண்டு சப்வூஃபர்களே இருக்கைக்கு இருக்கை பாஸ் மாறுபடுவதை வெகுவாகக் குறைக்கும் என்று காட்டியது. உங்கள் ஹாலில் முன்சுவரின் நடுவில் ஒன்று, சோபாவின் பின்னால் இப்போது கிடைத்திருக்கும் மூன்றடி இடைவெளியில் பின்சுவரின் நடுவில் ஒன்று. நீளவாக்கின் 36 ஹெர்ட்ஸ் முழக்கத்தை இரண்டும் எதிரெதிராகத் தள்ளி அடக்கும். அகலவாக்கின் 52 ஹெர்ட்ஸ் அலைக்கு நடுக்கோட்டில் அழுத்தமே இல்லாததால் அதுவும் பெரிதாகக் கிளம்பாது. தனி ப்ராசஸர் என்பது 7.1.4-க்கு (ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், கூரையில் நான்கு) மேல் சேனல்கள் வேண்டும், மூன்று நான்கு சப்வூஃபர்களைத் தனித்தனியே திருத்த வேண்டும் என்ற நிலை வரும்போது யோசிக்க வேண்டியது. 16க்கு 11 அடி ஹாலில், ஐந்து ஸ்பீக்கருக்கு, இந்த ரிசீவரே போதும்.